பரணில் கிடைத்த 303: வெளிநாட்டு ஏல விலை நம்மூரில் செல்லுமா?

கேள்வி: ஐயா, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பரணில் சாக்கில் சுற்றிய இரண்டு துப்பாக்கிகள் கிடைத்தன. ஒன்று 303 ராணுவ ரைஃபிள். பிடிக்கு மேலே உள்ள இரும்புப் பட்டையில் கிரீடம், ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் என்று வெட்டியிருக்கிறது. கூடவே நான்கு தோட்டா. இன்னொன்று மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. நிறுத்தி வைத்தால் என் தோள் உயரம் வருகிறது. பூட்டுத் தகட்டில், அதாவது விசையும் குதிரையும் பொருத்திய பக்கத் தகட்டில், பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருக்கிறது. தாத்தா பெயரில் 1961இல் சேலத்தில் கொடுத்த லைசென்ஸ் புத்தகமும் இருக்கிறது. அதில் 'எம்.எல். கன் ஒன்று' (குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி) என்று மட்டும்தான் எழுதியுள்ளது; கடைசியாகப் புதுப்பித்தது 1988. தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர், ரைஃபிளை அவர்தான் கொண்டுவந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த மாதிரித் துப்பாக்கிகளுக்கு வெளிநாட்டு ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகிறது, லட்சக்கணக்கில் வரும் என்கிறான் மகன். வாட்ஸ்அப்பில் ஒருவர் இரண்டையும் லண்டன் ஏலத்துக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லி, பேப்பர் செலவுக்கு 35,000 ரூபாய் கேட்கிறார். துருவைத் தேய்த்து பாலிஷ் போட்டு வைக்கலாமா? என்ன விலை போகும்? எப்படி விற்பது?

பதில்: முதலில் அந்த 35,000. கொடுக்காதீர்கள். துப்பாக்கி எண் தெரிகிற மாதிரிப் படம் எதையும் அவருக்கு இனி அனுப்பாதீர்கள். இரிடியம் கலசம் வாங்குகிறோம் என்று வந்தவர்கள் பேசிய அதே பேச்சுதான் இது: பொருள் உங்களிடம், கோடீசுவர வாங்குபவர் வெளிநாட்டில், நடுவில் 'பேப்பர் செலவு'. இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. பணம் போனாலும் போலீசுக்குப் போக முடியாத நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் படங்கள் அவர் கையில் இருப்பது நாளைக்கு மிரட்டலாகவும் திரும்பலாம். ஆகவே கீழே சொல்லும் வேலையைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள்.

இரண்டாவது, துப்பாக்கிகளைக் கையாளாதீர்கள். ரைஃபிளின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் பின்பக்க இரும்புத் தண்டு) இழுத்துப் பார்க்க வேண்டாம், விசையைத் தொட வேண்டாம், தோட்டாக்களைப் பிரிக்க வேண்டாம். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில்தான் அதிக ஆபத்து. காட்டுப்பன்றிக்காகக் கெட்டித்து, சுடாமல் பரணில் ஏற்றிய துப்பாக்கிகள் நம் பக்கம் நிறைய. கரிமருந்து காய்ந்த இடத்தில் இருந்தால் நூறு வருடம் ஆனாலும் பற்றும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரிய ஒரு வழி உண்டு: குழல் வாய்க்கு நேரே நிற்காமல், பக்கவாட்டில் நின்று, காய்ந்த மெல்லிய மூங்கில் குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, முட்டும் இடத்தில் வாய் விளிம்போடு குறி வைத்து வெளியே எடுத்து, அதே குச்சியைக் குழலின் வெளிப்புறம் வைத்துப் பார்ப்பது. கேப் (குதிரை அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) செருகும் முலைத்துளை வரை குச்சி வந்தால் காலி. நாலைந்து விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் ரவையும் இருக்கிறது, அல்லது குளவிக் கூடாவது இருக்கிறது. எது என்று நீங்கள் கிளறிப் பார்க்க வேண்டாம். ஒப்படைக்கும் கடிதத்தில் 'மருந்து கெட்டித்திருக்கலாம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். இரும்புக் கம்பி மட்டும் விடவே கூடாது.

இனி விலை. மகன் சொல்வது பொய்யில்லை. பழைய ராணுவ ரைஃபிள்களின் ஏல விலை அமெரிக்காவில் நன்றாகவே ஏறியிருக்கிறது. ரஷ்யாவின் மோசின் நாகாந்த் அங்கே ஒரு காலத்தில் நூறு டாலருக்கும் கீழே, பீப்பாயில் குத்தி நிறுத்தி விற்ற சரக்கு. இன்று அதற்குப் பல மடங்கு கேட்கிறார்கள். காரணம் எளிது. இந்த ரைஃபிள்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை. போர் முடிந்ததும் நாடு நாடாகக் கிடங்கைக் காலி செய்தன. அந்தச் சரக்குதான் அறுபது எழுபது வருடம் மலிவாக ஓடியது. இப்போது கிடங்குகள் தீர்ந்துவிட்டன. நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கில் கிடந்த பிரவுன் பெஸ், மார்ட்டினி ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப்போனார்கள். அப்படி ஒரு புதையல் இனி எங்கே இருக்கிறது? இதற்கு மேல், மலிவாக இருந்த காலத்தில் லட்சக்கணக்கான ரைஃபிள்களின் முன்கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து, வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிவிட்டார்கள். ஆலையிலிருந்து வந்த கோலத்திலேயே தப்பியவை குறைவு. ஏலத்தில் பணம் அந்தக் குறைவுக்குத்தான்.

அதனால் ஒரே மாடலில் இரண்டு ரைஃபிளுக்கு விலை பத்து மடங்கு வேறுபடும். போல்ட், உடல், குழல், முன்கட்டை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பழைய மெருகு அப்படியே இருக்க வேண்டும்; மறுபடி கறுப்பேற்றியிருந்தால் பாதி விலை போச்சு. எந்தப் படைப்பிரிவு, யார் கையில் இருந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால் ஏறும். உங்கள் 303 சேர்ந்த லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் குடும்பத்திலேயே உச்ச விலைக்குப் போவது நம்பர் 4 மார்க் 1 (டி) என்ற குறிசுடும் ரைஃபிள். பெரும்பாலும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் தேர்ந்தெடுத்த ரைஃபிள்களில் 32ஆம் எண் தொலைநோக்கி பொருத்தி மாற்றியவை. ரைஃபிளின் கட்டையில் வெட்டிய எண்ணும் தொலைநோக்கியின் எண்ணும் பொருந்தி, அதன் மரப்பெட்டியும் கூட இருந்தால் பல ஆயிரம் டாலர். அந்த விலையைப் பார்த்துப் போலிகளும் பெருகிவிட்டன. சாதாரண ரைஃபிளில் தொலைநோக்கித் தாங்கியைப் பற்றவைத்து '(டி)' என்று குத்திவிடுகிறார்கள். பாகிஸ்தான்-ஆப்கான் எல்லைப்புறப் பட்டறைகளில் செய்த நகல்களில் என்ஃபீல்டு என்ற பெயரின் எழுத்தே தலைகீழாக இருக்கும். அதையும் அசல் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது அது இல்லை. 1942 இஷாப்பூர் மார்க் 3 ஸ்டார் போர்க்காலத்தில் வேகவேகமாக மொத்தமாகச் செய்த ரைஃபிள். அமெரிக்காவில் நல்ல நிலையில் இருந்தாலும் சில நூறு டாலர் சங்கதி. ஏலச் செய்தியில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் இருபது சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்கு அதுவும் வராது, அவர் பங்கிலும் கமிஷன் பிடிப்பார்கள். திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023இல் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்குப் போனதே என்று கேட்பீர்கள். அது திப்புவின் வாள். அவர் காலத்தில் பாராமகால் என்ற நம் பகுதியில் நடந்த சண்டைகளில் ராயக்கோட்டையிலும் கிருஷ்ணகிரியிலும் சிப்பாய்கள் தூக்கிய துப்பாக்கிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இதைவிட முக்கியமான விஷயம், அங்கே உள்ள விலை அங்கே உள்ள சட்டத்தால் வருகிற விலை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 வரை செய்த துப்பாக்கி பழம்பொருள்; அதை வாங்க மற்றத் துப்பாக்கிகளுக்குள்ள கட்டுப்பாடு இல்லை. அதற்குப் பிந்திய ராணுவ ரைஃபிளையும் சாதாரணக் குடிமகன் கடையில் வாங்கலாம். அதனால் ஏலத்தில் கை தூக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் நாட்டில் 303 போல்ட் ரைஃபிள் ராணுவத் தோட்டா ஏறக்கூடியது என்பதால் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் தனி அனுமதி இல்லாமல் யாரும் அதை வைத்திருக்க முடியாது; கலெக்டர் நினைத்தாலும் கொடுக்க முடியாது. அந்தக் காரணத்தால்தான் இஷாப்பூர் ஆலையே பொதுமக்களுக்கு 303க்குப் பதில் 315 ரைஃபிளைச் செய்து விற்றது. வாங்க உரிமை உள்ளவர் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது உங்கள் 303க்கு இங்கே சந்தை விலை என்று ஒன்று கிடையாது. கள்ளச் சந்தை விலை இருக்கிறது. அதோடு சேர்ந்து வருவது ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்ட ஆயுதத்துக்குக் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் பதினான்கு ஆண்டு. உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு.

ஆக, ரைஃபிளை விற்பது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அதை எப்படிச் சேதாரமில்லாமல் வீட்டிலிருந்து வெளியே அனுப்புவது என்பதுதான் கேள்வி.

ஆயுத உரிமம் பார்த்துப் பழகிய வழக்கறிஞர் ஒருவரைப் பிடியுங்கள். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கிடைப்பார். ஒரு மனு எழுதுங்கள்: எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எந்த இடத்தில் கிடைத்தது, ரைஃபிளின் குறிகளும் எண்ணும், தோட்டா எத்தனை, அப்பாவின் இறப்புத் தேதி, தாத்தாவின் உரிம எண். காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று என்று அனுப்பி, கலெக்டர் அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 'தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தார்' என்பதை மனுவில் எழுதாதீர்கள். அது நீங்கள் கண்ட விஷயமில்லை, வீட்டுக் கதை. இந்திய ராணுவத்தில் ஓய்வு பெறும் சிப்பாய்க்கு ரைஃபிளைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் கிடையாது என்பதால், அந்த வரி அரசு உடைமை காணாமல் போன கதையாக மாறும். எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அதே சமயம் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

வழக்குப் போடுவார்களா என்ற பயம் நியாயமானது. சாதாரணத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர 39ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். தானாக முன்வந்து, எழுத்தில், கிடைத்த சில நாளுக்குள் ஒப்படைத்தவர் என்ற பதிவு அங்கேதான் உதவும். கிருஷ்ணகிரி, தருமபுரி மலைக் கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படி அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். ஆனால் அந்த அறிவிப்பு நாட்டுத் துப்பாக்கிக்குச் சொன்னது. 303க்கும் பொருந்தும் என்று நீங்களே முடிவு கட்டி, ஊர்ப் பொது இடத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். ரசீது இல்லாமல் ஒப்படைத்ததும் ஒப்படைக்காததும் ஒன்றுதான்.

நீங்களே சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுபோகவும் கூடாது. வழியில் சோதனையில் சிக்கினால் 'ஒப்படைக்கத்தான் போகிறேன்' என்ற பேச்சு எடுபடாது. மனு கொடுத்து, காவல்துறையே வீட்டுக்கு வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். தோட்டாவையும் அப்போதே கொடுங்கள். ஒற்றைத் தோட்டாவை நினைவுக்கு என்று சாமி மாடத்தில் வைத்திருந்தாலும் அது தனிக் குற்றம்.

செய்யக் கூடாத இன்னொன்று: துப்பாக்கியைச் செயலிழக்க வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது. பழுதான, பழங்காலத்து ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் அந்த வரி முழுதாக என்ன சொல்கிறது தெரியுமா? பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்பட முடியாதது. போல்ட்டைக் கழற்றி ஒளித்துவைத்தால் அது விலக்கில் வராது, வேறு போல்ட் போட்டால் சுடும். குழலை அறுப்பதற்கு 6ஆம் பிரிவில் தனித் தடையே உண்டு.

இப்போது சிங்கம் போட்ட துப்பாக்கிக்கு வருவோம். இதில்தான் உங்களுக்கு ஏதாவது மிஞ்ச வாய்ப்பு. பின்னங்காலில் நிற்கும் சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் குறி. ஏறக்குறைய 1808 வரை பூட்டில் இதயம் போன்ற வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள் இருந்தன. அதற்குப் பிறகுதான் சிங்கம். கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது. ஆக, பூட்டு அசலானால் குறைந்தது 160 வயது. 'பூட்டு' என்று சொல்வதற்குக் காரணம், கம்பெனித் துப்பாக்கியின் பூட்டை மட்டும் கழற்றி, ஊர்க் கொல்லர் செய்த குழலில் பொருத்திய நாட்டுத் துப்பாக்கிகள் நம் மாவட்டங்களில் ஏராளம்.

அளந்து பாருங்கள். கம்பெனியின் இந்தியா மாதிரி மஸ்கெட்டுக்கு (சிப்பாய்களின் மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கி) குழல் 39 அங்குலம், அதாவது 99 சென்டிமீட்டர். மொத்த நீளம் 55 அங்குலம், சுமார் 140 சென்டிமீட்டர். வாய் அகலம் முக்கால் அங்குலம், 19 மில்லிமீட்டர். தோள் உயரம் என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. குழல் அறுபடவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி. அடுத்து குதிரையை, அதாவது விசையை இழுத்தால் வந்து அடிக்கும் பாகத்தைப் பாருங்கள். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருக்கிறதா, அல்லது சுத்தியல் தலை மாதிரி குழிந்திருக்கிறதா? சுத்தியல் தலை என்றால் கேப் போடும் துப்பாக்கி. பூட்டுத் தகட்டில் அடைத்த திருகுத் துளைகளும், மருந்துக் கிண்ணம் இருந்த தழும்பும் தெரிந்தால், கல் துப்பாக்கியைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தைக் கம்பெனிக் கிடங்கிலேயே செய்திருந்தால் மதிப்பு அவ்வளவாகக் குறையாது. ஊர்ப் பட்டறையில் செய்ததென்றால் நன்றாகவே குறையும். கட்டையில் குத்திய எண், எழுத்து, பித்தளைத் தகட்டின் குறி, கெட்டிக்கும் கம்பி அசலா என்பதை எல்லாம் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டு புறமும் படம் எடுத்து வையுங்கள், உங்களுக்காக.

வெளிநாட்டில் நல்ல இந்தியா மாதிரி மஸ்கெட் சில ஆயிரம் டாலருக்குப் போகும். உங்களுடையதை அனுப்ப முடியாது. நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருளாகிறது. அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கும் அது அங்கீகரித்த அமைப்புக்கும் மட்டுமே. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் ஆசாமி சொல்லும் லண்டன் வழி இதோடு மூடிவிடுகிறது.

உள்நாட்டில் வழி இருக்கிறது. பழம்பொருளாகும் சிறு ஆயுதங்களை வைத்திருக்க மட்டும் உரிமம் வேண்டாம், ஆனால் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் 2020 பிப்ரவரியில் அறிவித்தது. இதைப் படித்துவிட்டு 'நம்மது பழம்பொருள்தான்' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக் கூடத்தில் மாட்டிவிடாதீர்கள். கொல்லர் குழல் பொருத்தியதாக இருந்தால் அது பழம்பொருள் அல்ல, உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி. காவல்துறை ஆயுதப் பிரிவின் ஆய்வு அறிக்கையோடு கலெக்டர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

அது பழம்பொருள் இல்லை என்று வந்தாலும் உங்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது, ஏனென்றால் தாத்தாவின் புத்தகத்தில் இந்தத் துப்பாக்கி ஏறியிருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி இறந்த உரிமதாரரின் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற ஒப்புதல், மருத்துவச் சான்று, ஆயுதப் பயிற்சிச் சான்று வேண்டும். இதில் தடங்கல் எங்கே வரும் என்றால், 1988க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை என்பதிலும், தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இல்லை என்பதிலும். அந்தப் புத்தகம் இப்போது செல்லாது. ஆனால் துப்பாக்கி ஒரு காலத்தில் சட்டப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதைத் தொலைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், நகல் எடுத்து வையுங்கள்.

கோப்பைத் தேடும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1961இல் உங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965 அக்டோபரில் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியானது. எனவே உரிமம் கொடுத்த பதிவு சேலத்திலும், 1988 புதுப்பிப்பு தருமபுரியிலும், இன்று முடிவெடுக்கும் அதிகாரம் கிருஷ்ணகிரியிலும் இருக்கும். கிருஷ்ணகிரியில் மட்டும் கேட்டுவிட்டு 'பதிவு இல்லை' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். புத்தகத்தின் முதல் பக்க எண்ணையும் புதுப்பிப்பு முத்திரைகளின் தேதிகளையும் குறிப்பிட்டு, சேலம், தருமபுரி கலெக்டர் அலுவலகங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள்.

முடிவு வரும்வரை மஸ்கெட்டையும் வீட்டில் வைக்க வேண்டாம். உரிமம் இழந்த ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து வைக்க 21ஆம் பிரிவு இடம் தருகிறது. வாடகை கொடுத்தாலும் கடையே மேல். காவல் நிலையக் கிடங்கின் ஈரத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தால் கட்டை பூத்துவிடும். ரசீதில் குறிகள், நீளம், நிலை, திரும்பப் பெறவோ விற்கவோ உள்ள காலக்கெடு எல்லாம் இருக்கட்டும். அந்தக் கெடு தாண்டினால் அரசுடைமை ஆகலாம். உரிமம் உங்கள் பெயருக்கு வந்தபின் விற்க நினைத்தால், வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்த்து, கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்தே கைமாற்ற வேண்டும். விற்க மனமில்லை, வைத்திருக்கவும் தொல்லை என்றால், அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்புவதாகக் கலெக்டரிடமே எழுதலாம். கிருஷ்ணகிரியில் ஒன்று இருக்கிறது.

பாலிஷ் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். உப்புத்தாள், கம்பித் தூரிகை, பித்தளைக்குப் புளி, கட்டைக்கு வார்னிஷ், எதுவும் கூடாது. இரும்பின் மேல் படிந்த கரும்பழுப்புத் தோல்தான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் குறிகள் மழுங்கும், சிங்கம் பூனையாகிவிடும். ரைஃபிளில் எதையுமே செய்யாதீர்கள். எண்ணைத் தேய்த்த தடம் தெரிந்தால் அழிக்கப் பார்த்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மஸ்கெட்டைச் சாக்கிலிருந்து எடுத்துவிடலாம், சணல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குழலில் மருந்து இல்லை என்று உறுதியானால் மட்டும், வெளி இரும்பில் தையல் மெஷின் எண்ணெயை ஒற்றித் துடைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

தாத்தாவின் படை விடுவிப்புச் சான்று, சம்பளப் புத்தகம், பதக்கங்கள் பரணில் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை.